ஒன்பது மாத்திரை, எட்டு ஜோடி

"நாலு மணிக்கு முதலாளியைக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள இவங்க கையெழுத்துப் போட்டுடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் சாட்சியாப் போட்டுக் குடுத்தா வேலை முடிஞ்சுது."

தர மேலாளர் அப்படிச் சொல்லிவிட்டுச் சோதனைக்கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு போனார். க்ளிக் என்று சின்னதாக ஒரு சத்தம். அந்தக் கதவு அவர் கழுத்தில் தொங்கும் அட்டைக்குத்தான் திறக்கும். வெளியே இருந்தாலும் சரி, உள்ளே இருந்தாலும் சரி.

வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவன் எழுந்துபோய்க் கைப்பிடியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தான். தலையில் நீல வலைத்தொப்பி, முழங்கால் வரை வெள்ளை அங்கி, செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை. தூசி உள்ளே வரக்கூடாதாம்.

"இத்தனை வருஷம் அடுத்தவனை உள்ள தள்ளினோம். இன்னிக்கு நாமளே வந்து உட்கார்ந்திருக்கோம், அக்கா. போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. சாப்பாடு உண்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அவன் அக்கா என்று கூப்பிட்டவள் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாய் ஏறி இறங்கியவள். வேலையை விட்டு, இவனைச் சேர்த்துக்கொண்டு துப்பறிய வந்த பிறகும் 'தராசு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் விடும் மௌனத்தில் பல பேர் வியர்த்துப்போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மௌனம் தாங்காமல்தான் ரேடியோ ஓயாமல் பேசுகிறான் என்றும் சொல்லலாம்.

மூன்றாவது ஆள் மூலையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். இந்த மருந்துக் கம்பெனியில் எட்டு வருடமாக மாத்திரைகளைச் சோதிக்கும் அனலிஸ்ட். அவள் மடியில் தட்டச்சு செய்த ஒரே ஒரு தாள்.

தராசு அதை வாங்கிப் படித்தாள். இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் மாத்திரை. நூறு பங்கு மருந்து இருக்க வேண்டியதில் தொண்ணூற்றொன்றுதான் இருந்தது என்று ஒரு மருத்துவமனை கண்டுபிடித்துவிட்டது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் வெளியே விடக்கூடாது. ஆனால் இங்கேயிருக்கும் புது மெஷின் தொண்ணூற்றாறு என்று சொல்லி அனுப்பியிருந்தது. 'மேலாளர் சரிபார்த்து முடித்த பிறகு, மட்டமான மருந்து தேறிப்போக வேண்டும் என்று தெரிந்தே நான் மெஷினின் கணக்கை மாற்றினேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நீங்க மாத்தினீங்களா?"

"இல்ல, மேடம்."

"அப்புறம் ஏன் போடப்போறீங்க?"

"போட்டா வேலையோட போயிடும்னு சொல்றார். போடலைன்னா போலீஸ். எனக்கு மூணு வயசுல பொண்ணு இருக்கா." குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். உறை போட்டுப் போட்டுத் தோல் சிவந்திருந்தது. "அதுவும் இல்லாம, மெஷின் தப்பாச் சொல்லுதுன்னா எங்கயோ நான்தான் தப்புப் பண்ணியிருக்கணும். மூணு நாளாத் தேடறேன். கிடைக்கல."

"போலீசுக்குப் போகமாட்டேன்னு சொல்றவர் எதுக்கு எழுதி வாங்கறார்?" என்றான் ரேடியோ. "இந்தப் பேப்பர் ஒரு தடவை அவர் கைக்குப் போச்சுன்னா, அவர் நினைச்ச நேரத்துக்கு அதுவா நடந்து ஸ்டேஷனுக்குப் போகும்மா."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். ஜன்னல் இல்லாத அறை. கூரைக்குள் எங்கோ காற்று இயந்திரம் ஒரே சுரத்தில் இரைந்துகொண்டிருந்தது. விசாரிக்கக் கூப்பிட்டார்கள் என்று நினைத்து வந்தால், சாட்சிக் கையெழுத்துக்காக மட்டும் வரவழைக்கப்பட்டிருக்கிறோம் என்பது தராசுக்கு இங்கே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ள இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி.

அவள் தன் நாற்காலியை அனலிஸ்ட் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம், "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இந்த ரெண்டு மெஷினும் என்ன செய்யுது?" என்றாள்.

மேஜைமேல் இரண்டு ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று மஞ்சள் பூத்துப்போன பழசு. இன்னொன்று பளபளவென்று புதுசு. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை மாத்திரைமேல் அடித்து, திரும்பி வருவதை வைத்து உள்ளே எவ்வளவு மருந்து என்று சொல்லிவிடும் என்றாள் அனலிஸ்ட். உடைக்க வேண்டாம், கரைக்க வேண்டாம். பழசுக்கு அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுக்கவே இரண்டு வருடம் பிடித்தது. புதுசுக்கும் முதலிலிருந்து கற்றுக்கொடுக்க யாருக்குப் பொறுமை? அதனால் ஒரே மாத்திரைகளை இரண்டுக்கும் காட்டுவார்கள். ஒன்றின் பார்வைக்கும் மற்றதன் பார்வைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துப் புதுசில் ஏற்றிவிட்டால், பழசின் கணக்கே புதுசுக்கும் செல்லும்.

"மாமியார் கைப்பக்குவத்தை மருமகளுக்கு ஏத்தற மாதிரி," என்றான் ரேடியோ.

அவள் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. "அதேதான் சார். அதுக்குன்னே ஒன்பது மாத்திரை செஞ்சு வெச்சிருக்கோம். எண்பது பங்கு மருந்து, எண்பத்தஞ்சு, தொண்ணூறு, அப்படியே அஞ்சஞ்சா ஏறி நூத்தி இருபது வரைக்கும்."

"அந்த வேலைக்கு ரிப்போர்ட் இருக்கா?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். போன மாதத்துக்கு முந்தின மாதம், பன்னிரண்டாம் தேதி. நான்கு பக்கம். முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் அவள் கையெழுத்து. அதற்குக் கீழே 'சரிபார்த்தேன்' என்று மேலாளர் கையெழுத்து, அதே தேதி. தராசு விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். பாதி புரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"எத்தனை மாத்திரைன்னு சொன்னீங்க?"

"ஒன்பது."

"இதுல 'பொருந்திய ஜோடி எட்டு, நீக்கியது ஒன்று'ன்னு போட்டிருக்கு."

அனலிஸ்ட் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "நான் எதையும் நீக்கலையே, மேடம். நீக்க எனக்கு அதிகாரமே கிடையாது. அது மேலாளர் பாஸ்வேர்டுக்குத்தான் கேட்கும்."

"அப்ப அவர் நீக்கியிருக்கார். எதை?"

அவளுக்குத் தெரியவில்லை. தராசு ரிப்போர்ட்டை மூடி வைத்தாள். இனிமேல் காகிதத்தைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. கையைத்தான் கேட்க வேண்டும். கடைக்காரர்களிடம் அவள் கற்றுக்கொண்டது அதுதான். எப்படி நிறுத்தாய் என்று கேட்டால் வாய் ஒன்று சொல்லும். நிறுத்துக் காட்டு என்றால் கை தன் பாட்டுக்குப் பழகினதைச் செய்யும்.

"அன்னிக்குச் செஞ்சதை அப்படியே இப்பச் செய்யுங்க. ஒண்ணும் பேசவேண்டாம்."

அனலிஸ்ட் கையுறை மாட்டினாள். பத்துக் குழி உள்ள நீளமான தட்டை எடுத்தாள். ஒரு சின்ன டப்பாவிலிருந்து மாத்திரை அளவே இருந்த வெள்ளை வட்டு ஒன்றைத் தூக்கி முதல் குழியில் வைத்தாள். பிறகு ஒன்பது மாத்திரைகளையும் வரிசையாக மீதிக் குழிகளில். தட்டைப் பழைய மெஷினுக்குள் தள்ளினாள். அது முனகிவிட்டு ஓய்ந்தது. தட்டை வெளியே இழுத்தாள். இரண்டு எட்டு நடந்து புது மெஷினுக்குள் தள்ளினாள். 'எத்தனை மாத்திரை' என்று திரை கேட்டது. ஒன்பது என்று தட்டினாள்.

"நில்லுங்க," என்றாள் தராசு. "அந்த வெள்ளை வட்டு எதுக்கு?"

"வெள்ளைன்னா எதுன்னு பழசுக்கு ஒவ்வொரு தடவையும் காட்டணும், மேடம். அதை வெச்சுத்தான் அது மத்ததைப் பார்க்கும். முதல் குழி எப்பவும் அதுக்குத்தான். பழசு அதை எண்ணாது, ரெண்டாம் குழியைத்தான் ஒண்ணாம் நம்பர்னு எடுத்துக்கும்."

"புதுசுக்கு?"

"புதுசுக்கு வேண்டாம். அதுக்குள்ளயே வெள்ளை இருக்கு. அது முதல் குழியிலேர்ந்தே…"

அங்கே நின்றுபோனாள். புது மெஷினின் திரையில் முதல் வரி சிவப்பாகிக் கண்ணைச் சிமிட்டியது. 'எண் 1: மாத்திரையாகத் தெரியவில்லை.'

எட்டு வருடமாகத் தினம் முப்பது தடவை முதல் குழியில் அந்த வட்டை வைத்த கை. அன்றைக்கும் வைத்திருக்கிறது, எடுக்க மறந்திருக்கிறது. எண்பது பங்கு மாத்திரை ஒரு குழி தள்ளி உட்கார்ந்து எண்பத்தைந்துக்கு ஜோடியாகிவிட்டது. எண்பத்தைந்து தொண்ணூறுக்கு. அப்படியே வரிசை மொத்தமும் ஒரு படி நகர்ந்து, கடைசி மாத்திரை ஆளில்லாமல் வெளியே நின்றுவிட்டது.

"அப்ப இது எல்லாத்தையும் அஞ்சு கூட்டிச் சொல்லும்," என்றான் ரேடியோ மெதுவாக. "தொண்ணூத்தொண்ணு தொண்ணூத்தாறாகும்."

அனலிஸ்ட் நூறு பங்கு மாத்திரையை மட்டும் எடுத்துத் தனியாகப் புதுசுக்குக் கொடுத்தாள். திரையில் 104.9 என்று வந்தது.

அவள் கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். தாளை மடியில் விரித்து நீவினாள்.

"பேனா குடுங்க, சார்."

"என்னம்மா நீ."

"நான்தான் செஞ்சிருக்கேன். கண்ணால பார்த்தாச்சு. இனிமே என்ன இருக்கு?"

தராசு கண்ணை மூடிக்கொண்டாள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தது. அவருடைய தராசு அரைக் கிலோ தப்பாகக் காட்டியது. கேள்வி கேட்காமல் கடைக்குச் சீல் வைத்தாள். தட்டுக்கு அடியில் ஒரு குளவி மண்ணால் கூடு கட்டியிருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தாள். அதற்குள் அந்த மனிதர் கடையைக் காலி செய்துகொண்டு போயிருந்தார். எங்கே போனார் என்று கடைசிவரை தெரியவில்லை. தராசில் தப்பு இருந்தது என்பது பாதி விஷயம். தராசுக்காரனுக்கு அது தெரியுமா என்பதுதான் மீதி. இன்று இந்தப் பெண்ணைக் காப்பாற்றப்போகிறேன் என்று தோண்டியவள், குழியை இன்னும் ஒரு அடி ஆழமாக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"இந்தத் தாள்ல 'தெரிந்தே'ன்னு இருக்கு. உங்களுக்குத் தெரியாது," என்றாள் கண்ணைத் திறந்து.

"தெரியாதுன்னு எப்படி மேடம் நிரூபிக்கிறது?"

"முதல்ல இந்தச் சிவப்பைச் சொல்லுங்க. அன்னிக்கும் வந்திருக்குமே."

அனலிஸ்ட் யோசித்தாள். "வந்தது. இன்டர்காம்ல மேலாளரைக் கூப்பிட்டேன். 'நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா, நான் பார்த்துக்கறேன்'னார். திரும்பி வந்தப்ப எல்லாம் பச்சையா இருந்தது. சரிபார்த்துட்டேன்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டு வெச்சிருந்தார். நான் அவசரத்துல நடுப்பக்கமெல்லாம் பார்க்கல."

"அதாவது மெஷின் கத்தியிருக்கு. அவர் வாயைப் பொத்தியிருக்கார்."

"பார்க்காமலே பொத்திட்டேன், தெரியாமப் போச்சுன்னு சொல்லிடுவாரே அக்கா," என்றான் ரேடியோ. "அலட்சியத்துக்கு ஒரு திட்டு வாங்கிட்டுப் போயிடுவார். தெரிஞ்சு விட்டார்ங்கறதுக்கு நம்ம கையில என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. மணி மூன்று இருபது. தராசு எழுந்து கதவுக்கும் அலமாரிக்கும் நடந்தாள். ஏழு அடி, திரும்பி ஏழு அடி. மெஷினுக்குள்ளே யார் எப்போது எதை நீக்கினார் என்ற பதிவு இருக்கும். ஆனால் அதுவும் மேலாளர் பாஸ்வேர்டுக்குத்தான் திறக்குமாம். இந்த அறையில் எல்லாப் பூட்டுக்கும் ஒரே ஆளிடம்தான் சாவி.

ரேடியோவுக்குச் சும்மா இருக்க முடியாது. அலமாரிக் கதவில் நூல் கட்டித் தொங்கிய ஒரு தடி நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்திருந்தான்.

"இது என்னம்மா, வாராவாரம் யார் யாரோ மருந்து டப்பா வாங்கிட்டுப் போயிருக்காங்க?"

"இங்க வேலை செய்யறவங்க வீட்டுக்கு எடுத்துக்கலாம், சார். ஒரு பேட்சுக்குச் சில டப்பா அதுக்குன்னு ஒதுக்கி இந்த அலமாரில வெச்சிருப்போம். எந்த பேட்ச், யாருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ஆளுக்கு மாசம் ஒண்ணு."

"உங்க மேலாளர் ரொம்பப் பாசக்காரர் போலிருக்கு. அப்பாவுக்குன்னு மாசா மாசம் தவறாம இதே இதய மாத்திரை. எல்லாம் சுடச்சுட வந்த பேட்சு. நாற்பத்தி ஒன்பது, ஐம்பத்தி ரெண்டு, ஐம்பத்தி ஆறு…" பக்கத்தைத் திருப்பினான். "அட, இங்க பாருங்க. பதிமூணாம் தேதி ஒரே அடியா ஆறு டப்பா. அதுவும் ஐம்பத்தி ரெண்டாவது பேட்ச். பின்னாடி போறாரே மனுஷன். எல்லாரும் தேதி தள்ளியிருக்கிறதா பார்த்து எடுப்பாங்க. சீக்கிரம் காலாவதி ஆகறதைத் தேடிப் பிடிச்சு எடுத்த ஒரே ஆள் இவர்தான்."

தராசு நடையை நிறுத்தினாள். "எத்தனாம் தேதி?"

"பதிமூணு."

"மெஷின் மாத்தினது பன்னிரண்டு." அனலிஸ்டிடம் திரும்பினாள். "பழைய மெஷின் சோதிச்ச கடைசி பேட்ச் எது?"

"ஐம்பத்தி ஒன்பது."

"அதுக்கப்புறம் மேலாளர் வாங்கின டப்பா எதுவும் இருக்கா?"

ரேடியோ விரலை ஓட்டினான். "அப்புறம் அவர் பேரே இல்ல. ஆறு மாசத்துக்கு வாங்கி வெச்சுட்டாரே."

ஊருக்கெல்லாம் போகட்டும் என்று விட்டவர், தன் அப்பா வாய்க்குள் மட்டும் போகக்கூடாது என்று பார்த்திருக்கிறார். மறுநாளே.

ரேடியோ இன்னும் நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த விளையாட்டு மெல்ல இறங்கியது. "அக்கா, இன்னொண்ணும் இருக்கு," என்று நோட்டை அவளிடமே கொடுத்தான். சத்தமாகப் படிக்கவில்லை.

போன மாதம் மூன்றாம் தேதி, அறுபத்தொன்றாவது பேட்ச், ஒரு டப்பா. இந்த மாதம் நான்காம் தேதி, அறுபத்தாறு, ஒரு டப்பா. யாருக்கு என்ற இடத்தில் 'அம்மா.' பக்கத்தில் அனலிஸ்டின் கையெழுத்து.

தராசு அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அந்த நிமிடம்தான் அது தட்டியது. தாள் மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்தது.

"அம்மாவுக்குப் பத்து நாளா மூச்சு வாங்குதுன்னு தம்பி சொன்னான்," என்றாள். "வயசாச்சுன்னு நினைச்சேன். நான் சோதிச்சு, நான் தேறிடுச்சுன்னு எழுதி, நானே கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்."

எழுந்து கதவுக்கு ஓடினாள். கைப்பிடியை இழுத்தாள். உள்ளங்கையால் தட்டினாள். ரப்பர் வைத்த கதவு, சத்தம் வெளியே போகாது. ரேடியோ இன்டர்காமை எடுத்து அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மூணு முப்பத்தஞ்சு," என்றான் தாழ்ந்த குரலில். "இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம்."

அந்த இருபத்தைந்து நிமிடமும் தராசு அந்தப் பெண் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்ல அவளுக்கு என்ன தெரியும்? கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது க்ளிக் என்றது கதவு. முதலில் முதலாளி வந்தார். வலைத்தொப்பி காதுவரை இறங்கிய, வயதான மனிதர். பின்னாலேயே மேலாளர்.

"போட்டாச்சா?" என்றார் மேலாளர்.

ரேடியோ யாரும் கவனிக்காத மாதிரி நடந்துபோய்க் கதவு சாத்திக்கொள்ளாமல் அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

தராசு எழுந்து அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "ஒரு விஷயம் கேட்கணும். உங்க அப்பா எப்படி இருக்கார்?"

"எங்க அப்பாவா? நல்லா இருக்கார். ஏன்?"

"இதே மாத்திரைதானே?"

"ஆமா. நம்ம கம்பெனி மாத்திரைதான்."

"எந்த பேட்ச்?"

மேலாளர் கண் அலமாரிக் கதவுக்குப் போனது. நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

தராசு நோட்டையும் ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தையும் முதலாளி முன்னால் விரித்தாள். குழி ஒன்று தள்ளிப்போனதை நான்கே வாக்கியத்தில் சொன்னாள். "மறந்தது இந்தப் பொண்ணு. அதை நான் மறைக்கல. ஆனா மெஷின் கண்டுபிடிச்சுச் சொல்லிச்சு. அதைப் பார்த்து நீக்கினது இவர். பார்க்கவே இல்லைன்னு சொல்லலாம். அப்படின்னா மறுநாளே அப்பாவுக்குன்னு ஆறு டப்பா பழைய மருந்தை எதுக்கு எடுத்தார்? இந்தப் பொண்ணு அதே நோட்டுல அவங்க அம்மாவுக்கு எதை எடுத்திருக்குன்னும் பாருங்க. தெரிஞ்சவங்க யாரு, தெரியாதவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தையும் பார்த்தார்.

"புதுக் கலவை மெஷின் சரியாக் கலக்கல," என்றார் மேலாளர் கடைசியில். யாரையும் பார்க்காமல். "நான் சொல்லித்தான் வாங்கினீங்க. வெள்ளோட்டமா அடிச்ச மாத்திரையெல்லாம் தொண்ணூத்தொண்ணுதான் வந்தது. இது அஞ்சு கூட்டிக் காட்டினா தேறிடும், ஒரு வாரத்துல சரிபண்ணிடலாம்னு நினைச்சேன். ஒரு வாரம்தான்னு நினைச்சேன்."

"அதுக்கப்புறம் எத்தனை பேட்ச் வெளியே போயிருக்கு?" என்றார் முதலாளி.

மேலாளர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"பதினொண்ணு," என்றாள் அனலிஸ்ட் தரையிலிருந்து எழுந்தபடி. "அறுபதிலேர்ந்து எழுபது வரைக்கும். எல்லாத்தையும் இன்னிக்கே திருப்பி வாங்கணும், சார். எனக்கு என் போன் வேணும்."

முதலாளி மேலாளரின் கழுத்திலிருந்து அட்டையைத் தானே கழற்றிக்கொண்டார். வெளி அறைப் பெட்டியைத் திறந்து போனை எடுத்துக்கொடுத்தார். அவள் அங்கியைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆறாவது மணிக்கோ ஏழாவது மணிக்கோ எடுத்தார்கள். அந்தச் சின்ன அறையில் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்னடி இந்த நேரத்துல? வேலை இல்லையா?"

"அம்மா, மூச்சு எப்படி இருக்கு?"

"இருக்கு. மாடிப்படிதான் ஏற முடியல. தம்பி டாக்டர்கிட்ட வான்னு இழுக்கறான். எதுக்குடி, உன் கையால பார்த்துப் பார்த்து அனுப்பற மருந்து, அதைவிட எவன் நல்லதாக் குடுக்கப்போறான்னு சொல்லிட்டேன்."

அனலிஸ்ட் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"தம்பியோட இப்பவே கிளம்பும்மா," என்றாள். "அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு. அதுல மருந்து குறைவா இருக்குன்னு சொல்லு. யார் சொன்னான்னு கேட்டா, உன் பொண்ணு தப்பாப் பார்த்துட்டான்னு சொல்லு."

மறுமுனையில் சத்தமே இல்லை. தராசுக்கு மௌனங்களை நன்றாகத் தெரியும். இதை மட்டும் அவளால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செருப்பு எங்க வெச்சேன்னு தெரியலடி," என்றது கடைசியில் அந்தக் குரல். "இரு, போனை வைக்காதே. தேடிப் போட்டுக்கிட்டுச் சொல்றேன்."

அவள் வைக்கவில்லை.